கூவம் சீரமைப்பு: இன்னும் மனதில் நிற்பதைச் சொல்லுங்கள்

நடைக்காரி
கழிவுநீர் எங்கெல்லாம் ஆற்றில் விழுகிறது என்று குறிக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். சேத்துப்பட்டுப் பக்கம். ஆற்றில் விழும் ஒரு குழாய் வாய்க்கு, எங்களிடம் இருந்த தாளில் 'மழைநீர் வடிகால்' என்று போட்டிருந்தது. மார்ச் மாதம், மழையே இல்லை. ஆனால் நுரையோடு வெதுவெதுப்பாகக் கொட்டுகிறது, நடுவில் கறிவேப்பிலை மிதக்கிறது. கூட வந்தவர், "தாளில் இருக்கிறதையே போடுங்க மேடம்" என்றார். போட்டேன். அந்தக் கறிவேப்பிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மேல்கரை
வாயை எண்ணி என்ன ஆகப்போகிறது? 72 கி.மீ. ஆறு இது. நகரத்துக்கு வரும் முன்பே, ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலேயே தண்ணீரைச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடுகிறோம். அப்புறம் நகரத்துக்குள் சாக்கடைதானே ஓடும்? ஒரு டிசம்பரில் மாமனாரை அங்கே கூட்டிப்போனேன். தெளிந்த தண்ணீர், முகம் கழுவினார். "இதுதான் கூவம்" என்றேன். அவர் கை தானாகக் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டது.

அத்தை மகன்
மேல்கரை, தண்ணீர் விட்டால் சரியாகிவிடுமா? 2015 டிசம்பரில் வந்ததே, எங்கள் தெருவில் இடுப்பளவு. திட்டம் என்றால் எனக்கு அத்தை வீட்டுச் சுவர்தான். கரையோர வீடுகளைக் காலி செய்யக் கணக்கெடுத்தவர்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அழிந்தால் மாற்று வீடு கிடைக்காது என்று யாரோ சொல்ல, அத்தை அதன்மேல் பாலித்தீன் கவரை ஆணி அடித்து மாட்டினார். இப்போது பெரும்பாக்கம் மாற்றுக் குடியிருப்பில் இருக்கிறார்.

முகத்துவாரம்
கூவம் கடலில் சேரும் இடத்தில், நேப்பியர் பாலத்தில் நின்று ஆற்று வாயை அடைத்த மணலை வாருவதைப் பார்த்தேன், மறுவாரம் பழையபடி மேடு. என் கதை அவ்வளவுதான். துறைமுகம் கட்டியதிலிருந்து அதற்குத் தெற்கே மணல் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது, ஒரு தடவை வாரினால் போதாது. நடைக்காரி, அடுத்த முறை காலை ஐந்துக்கு ஒரு தடவை, எட்டரைக்கு ஒரு தடவை போங்கள். வீடுகளில் குளித்துச் சமைக்கும் நேரத்தில் ஓட்டம் கூடினால் வீட்டுக் கழிவுதான், சந்தேகமே வேண்டாம். நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அந்த வடிகாலில் எத்தனை வீட்டு இணைப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். செருப்போடு இறங்காதீர்கள், ஷூ போடுங்கள்.

நடைக்காரி
ஷூ போட்டுத்தான் போனேன் சார். எட்டரை மணி எல்லாம் தேவையே இல்லை. நாங்கள் போனது மதியம் மூன்றுக்கு.