இடியாப்ப மாவை லேப்பில் சோதிக்க வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே இடியாப்பம் போட்டு விற்கிறேன். இரண்டு மாதமாக மாவு சரியில்லை. சில மூட்டை நூல் நூலாக வருகிறது. சில மூட்டையில் உரலை விட்டு இறங்கும்போதே அறுந்து, வெந்ததும் கையில் பசை மாதிரி ஒட்டுகிறது. தண்ணீர், சூடு எல்லாம் அதே கணக்குதான். கடைக்காரர் என் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறார். இருபது வருடக் கை இது!

ஒட்டரிசி மாவு கலந்திருக்குமோ என்று சந்தேகம். வெந்த மாவை ஆறவைத்து ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலமாகத்தான் வந்தது. தனி ஒட்டரிசி என்றால் செம்பழுப்பு காட்டும். ஆனால் கொஞ்சம் கலந்திருந்தாலும் நீலம் அதை மறைத்துவிடும், அதனால் இதை நம்ப முடியவில்லை.

இழை நிற்க அரிசி ஸ்டார்ச்சில் (மாவுச்சத்தில்) அமைலோஸ் என்ற பகுதி கூடுதலாக இருக்க வேண்டும், 25 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது என்று தெரியும். உலர் அரைவையில் ஸ்டார்ச் அதிகம் சேதமாகி, தண்ணீரை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். என் கோளாறு இதில் எது?

ஈப்போ பக்கம் அமைலோஸ், ஈரப்பதம், சேதமான ஸ்டார்ச் மூன்றையும் பார்க்கிற, சாம் (SAMM, மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள லேப் தெரியுமா? சிறு வியாபாரியிடம் ஒன்றிரண்டு சாம்பிள் வாங்குவார்களா? எத்தனை கிராம், எவ்வளவு ரிங்கிட் ஆகும்? மார்டியில் (MARDI, அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) கேட்டுப் பார்த்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். நல்ல மூட்டை, கெட்ட மூட்டை இரண்டிலும் அரைக் கிலோ காற்றுப் புகாமல் கட்டி வைத்திருக்கிறேன்.