எண்ணெய் குடித்துத் தொளதொளத்த ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), மறுபடி இறுகுமா?

வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம். அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர், கான்பூர் தயாரிப்பு. போன தை மாதம் அதற்குக் கையால் தைத்த தோல் ஹோல்ஸ்டர் சொல்லிச் செய்தோம். தைப்பவரிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு வர முடியாதே. சேலத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அட்டையில் அளவு வரைந்து கொடுத்தோம். மரப்பட்டையில் பதனிட்ட தோல், 3 மில்லிமீட்டர் கனம், பெல்ட்டில் மாட்டுவது. வந்த புதிதில் உருவும்போது 'டக்' என்று சத்தம் வரும், அவ்வளவு இறுக்கம்.

ஆடியில் மூடுபனி இறங்கியது. பீரோவுக்குள் இருந்ததிலேயே வெள்ளைப் பூஞ்சை, பித்தளை பட்டனைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. அதைப் பார்த்த அப்பா, யாரையும் கேட்காமல் ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டார். செருப்புக்கு அப்படித்தானாம்! இப்போது தோல் கறுத்து, நமத்த அப்பளம் மாதிரி கிடக்கிறது. தலைகீழாகப் பிடித்தால் (குண்டு இல்லாத ரிவால்வர்தான்) வழுக்கி விழுகிறது.

வினிகர் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவைத்தேன், பூஞ்சை போய்விட்டது. சோள மாவு தூவி இரண்டு நாள் வைத்ததில் எண்ணெய் கொஞ்சம் இறங்கியது. தளர்ச்சி மட்டும் அப்படியே. வெயிலில் வைக்கவில்லை, வெடித்துவிடும். ரிவால்வரைத் துடைத்துத் தனியே பூட்டியிருக்கிறோம். உறைக்குள்ளேயே விட்டால் துரு ஏறும். செய்தவர் போனை எடுப்பதில்லை.

எண்ணெய் ஊறிய இந்தத் தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ரிவால்வர் வடிவில் இழைத்த மரக்கட்டையை உள்ளே வைத்துக் காயவிட்டால் பழைய இறுக்கம் திரும்புமா?