ஆர்சிங்க் பிரதி கையால் போகிறது, கிரானில் போகவில்லை: உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் ஒரு நெல் கொள்வனவு நிலையத்தின் கணக்குக் கணினியை நான்தான் பார்க்கிறேன். இரவு 2 மணிக்கு கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவிடும் நிரல்) ஊடாக, ஆர்சிங்க் என்ற கோப்புப் பிரதி நிரல் மூலம் கொழும்பு சேர்வருக்குப் பிரதி போகவேண்டும். டெர்மினலில் நானே ஓடவிட்டால் ஒன்றும் கேட்காமல் போகிறது, கிரானில் போட்டால் மட்டும் 'பெர்மிஷன் டினைட், பப்ளிக்கீ' (சாவி ஏற்கப்படவில்லை, அனுமதி இல்லை) என்று லாக்கில் விழுகிறது. சேர்வருக்குள் எஸ்எஸ்எச் மூலம் நுழையும் சாவிக் கோப்பின் அனுமதி 600 (நான் மட்டும் படிக்க, எழுதலாம்), கிரானும் என் பயனர் பெயரில்தான், அதெல்லாம் பார்த்துவிட்டேன்.

சாவிக்கு பாஸ்ஃப்ரேஸ் (அதைத் திறக்கும் கடவுச்சொல்) இருக்கிறது. நான் லாகின் செய்து உள்ளே இருக்கும்போது எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்ற நிரல் சாவியைத் திறந்து வைத்திருக்கும், கிரானுக்கு அந்த ஏஜென்ட் தெரியாது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாஸ்ஃப்ரேஸை எடுத்துவிட மனம் வரவில்லை, விவசாயிகளின் வங்கி விபரம் எல்லாம் அங்கேதான் போகிறது. பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி ஒன்று செய்து, எந்தச் சாவிகளை ஏற்பது என்று சொல்லும் சேர்வரின் ஆதரைஸ்ட் கீஸ் கோப்பில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கட்டிவைத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், காலபோக அறுவடை தொடங்கிவிட்டது.