தம்பி பஹ்ரைனுக்குப் போட்டுக்குப் போகிறான்: அங்கே அமெரிக்கக் கடற்படைக்கு என்ன வேலை?

குளச்சல் அக்கா:
தம்பிக்கு பஹ்ரைனில் மீன்பிடி விசா வந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ‘ஐந்தாவது கடற்படை’ என்ற பிரிவு அங்கேதான் இருக்கிறதாம். டிவி பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கடலில் நம்ம ஆட்களைத் தடுப்பார்களா?

தக்கலை வாசகன்:
எல்லாம் எண்ணெய்க்காகத்தான். வளைகுடாவின் வாயான ஹோர்முஸ் நீரிணையில் காவல்.

கடியப்பட்டணத்தான்:
அண்ணன் சொன்னது பாதி. ஹோர்முஸ், பாப் எல் மன்தப், சூயஸ் என்ற மூன்று குறுகிய கடல்வழிகளும் அவர்கள் பார்வையில்தான். மேற்காசியப் பக்கத்தைப் பார்க்கும் அமெரிக்க ராணுவக் கட்டளையகம் சென்ட்காம், தலைமையகம் ஃப்ளோரிடாவில்; அதன் கடற்படைப் பிரிவு அது. (நம்ம குளச்சல் கடல் அவர்கள் கணக்கில் ஹவாயில் இருக்கும் இன்னொரு கட்டளையகத்துக்கு!) 1971 வரை பஹ்ரைனில் பிரிட்டிஷ்காரர்கள் இருந்தார்கள். ஐந்தாவது கடற்படையை 1995இல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

நான் பஹ்ரைனில் சித்ரா என்ற ஊரில் ஒன்பது வருடம் போட்டில் இருந்தேன். அவர்கள் தளம் இருக்கும் ஜுஃபைரில் கப்பல் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனால், நீள மதிலும் ஆபீஸ் கட்டடங்களும்தான். பெரிய கப்பல்கள் முறைவைத்து வந்து போகும். உத்தரவு மட்டும் அங்கிருந்து. கடற்கொள்ளை, கடத்தலைப் பார்க்கும் பல நாட்டுக் கூட்டுப் படைக்கும் ஐந்தாவது கடற்படையின் தளபதிதான் தலைவர். 2023இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

ஒரு ராத்திரி மீன் பிடிக்கும் கம்பிக்கூட்டை வலித்துக்கொண்டிருந்தோம். சாம்பல் நிறக் கப்பல் ஒன்று கண் கூசுகிற மாதிரி விளக்கடித்தது. கூட இருந்த இரயுமன்துறைக்காரர் கையிலிருந்த ஹமூரை, நம்ம களவாதான், தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

குளச்சல் அக்கா:
சிரிப்பு வந்தது அண்ணே. ஆனால் எப்போதும் அப்படியே போய்விடுவார்களா?

கடியப்பட்டணத்தான்:
இல்லை. 2012 ஜூலையில் துபாய் ஜெபல் அலி பக்கம், நெருங்கி வந்தது என்று ஒரு போட்டைப் பார்த்து அமெரிக்கக் கப்பலிலிருந்து சுட்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். எச்சரித்தோம் என்றது கடற்படை. ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள் தப்பியவர்கள். நான் போட்டுக்காரர்கள் பக்கம். இஞ்சின் சத்தத்தில் பக்கத்து ஆள் கூப்பிட்டாலே கேட்காது.

வயர்லெஸ்ஸில் எல்லாக் கப்பலும் அவசரத்துக்குக் கூப்பிடும் 16ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். போர்க்கப்பல் கண்டால் குறுக்கே ஓட வேண்டாம், ஒதுங்கி வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், பாஸ்போர்ட் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

குளச்சல் அக்கா:
நகல் எடுத்தாச்சு அண்ணே. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், 2012ஐ மட்டும் விட்டுவிட்டு.