மெமரி ஃபோம் மெத்தையா, லேடெக்ஸ் மெத்தையா: நம்ம ஊர் வெயிலில் படுத்தவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் இரண்டுமே கிடக்கிறது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஏசி போட்ட கடையில் படுத்துப் பார்த்துவிட்டு மெமரி ஃபோம் வாங்காதீர்கள். அது சூட்டுக்கு இளகுகிற சரக்கு, குளிரில் விறைப்பாக நிற்கும். கடையில் இடுப்பை அழகாகத் தாங்கியது, கத்திரி வெயிலில் எங்கள் மாடி அறைக்கு வந்ததும், ராத்திரி 11 மணிக்கும் சுவர் அனலடிக்கிற அந்த அறையில், ஆளை உள்ளே வாங்கிக்கொண்டது. கரண்டும் போனால் கேட்கவே வேண்டாம், முதுகு பட்ட இடமெல்லாம் ஈரம். 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கையில் வைக்கக் கண்டுபிடித்தது என்று கடை அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். உண்மைதான், ஆனால் அந்த விமானம் மே மாசம் எங்கள் பேட்டை சமாதானபுரத்தில் நிற்கவில்லையே!

ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு அது சுகம், அதையும் சொல்ல வேண்டும். தோள்பட்டை அமுங்கிக் கொடுக்கும். பக்கத்தில் பிள்ளை எத்தனை தடவை உருண்டாலும் நமக்குத் தெரியாது.

கீழே ஆச்சி அறையில் லேடெக்ஸ். ரப்பர் பாலை நுரைக்க வைத்து, அச்சில் ஊற்றி வேகவைத்துச் செய்வது; உடம்பெல்லாம் குத்தின மாதிரி ஓட்டைகள் இருப்பதால் காற்று உள்ளே போய்வருகிறது. அமுக்கினால் உடனே எழும்பும். ஆச்சிக்கு மெமரி ஃபோமில் எழுந்திருக்க ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. இதில் ஓரத்தில் கையை ஊன்றித் தானே எழுந்துகொள்கிறாள். கஷ்டம் என்னவென்றால் கனம். 6 அங்குல குயின் சைஸ் 35 கிலோவுக்கு மேல் வரும், விரிப்பு மாற்ற மூலையைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கும். அப்புறம், இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் காயப்போடுவது மாதிரி இதையும் போட்டுவிடாதீர்கள். நேர் வெயில் பட்டால் ரப்பர் வெடித்து உதிரும். நிழலில் காற்றாட நிறுத்தினால் போதும். எங்கள் அம்மாவுக்கு இது இன்னும் மனசாகவில்லை, வெயில் காட்டாத மெத்தையும் ஒரு மெத்தையா என்கிறாள்.

தென்காசியிலிருந்து:

அக்கா சொன்னது உங்கள் பக்கத்துக்குச் சரி. எங்களுக்குச் சாரல் அடிக்கிற மாசங்களில் மெமரி ஃபோம்தான் இதம். படுத்தவுடன் கட்டாந்தரை போல இருக்கும், கொஞ்ச நேரத்தில் சூடேறி இளகிவிடும். புதுசில் மருந்து வாடை அடித்தது, ஜன்னலைத் திறந்து போட்டதில் போய்விட்டது. எங்களுக்கு வெக்கையைவிட நமப்புதான் எதிரி. எந்த மெத்தையானாலும் தரையில் போடாதீர்கள், அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி விட்ட கட்டில் நல்லது. வெயில் காலத்துக்கு மட்டும் மேலே ஒரு பத்தமடைப் பாயை விரித்துக்கொள்கிறோம். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டுக் கோரைப்பாயில் படுக்கிறாயே என்று மதினி கேலி செய்கிறாள், செய்யட்டும்.

வள்ளியூரிலிருந்து:

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. லேடெக்ஸ் என்று எழுதியிருந்தால் முழுக்க லேடெக்ஸ் என்று நம்பிவிடக் கூடாது. மேலே ஒரு அங்குலம் மட்டும் வைத்து, கீழே சாதா ஃபோமை அடுக்கி விற்கிறார்கள். மெமரி ஃபோமும் அநேகமாக அப்படித்தான், ஆனால் அதில் குற்றம் இல்லை, முழுக்க அதையே வைத்தால் ஆள் புதைந்துபோவார். லேடெக்ஸில்தான் விலை எங்கேயோ போகிறது. நான் போன ஒரு கடையில் உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொன்னேன், "திறந்தால் வாரண்டி போயிரும் சார்" என்றார்கள். சரி என்று இறங்கி வந்துவிட்டேன். அடுத்த கடையில் அவர்களே திறந்து காட்டினார்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டி, ஓட்டை ஓட்டையாக, பலூன் வாடையோடு. எத்தனை அங்குலம் லேடெக்ஸ் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கினேன். வீட்டில் யாருக்காவது ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வரும் என்றால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.