ஹாம்லெட்: புத்தகத்தில் இருக்கிற வசனம் படத்தில் இல்லையே, எதை நம்பிப் படிப்பது?

கடைசிபெஞ்ச்:
பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் மூன்று அங்கம் படித்த கையோடு லாரன்ஸ் ஒலிவியேயின் 1948 படத்தைப் பார்த்ததில் குழப்பம்தான் மிச்சம். ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் படத்திலேயே இல்லை. "டு பி ஆர் நாட் டு பி" தனிமொழி, ஹாம்லெட் தன் காதலி ஒஃபீலியாவை விரட்டியடித்த பிறகு வருகிறது, புத்தகத்தில் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. போதாததற்கு, நண்பனின் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில் நாலாம் அங்கம் நாலாம் காட்சி ஏழெட்டு வரியில் முடிகிறது. என் புத்தகத்தில் அங்கே ஒரு நீண்ட தனிமொழி இருக்கிறது. எந்தப் பதிப்பு சரி? படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா?

பழுப்புப்பக்கம்:
இரண்டு பதிப்பும் சரிதான். ஹாம்லெட்டுக்கு மூன்று பழைய அச்சுகள் உண்டு. 1603இல் வந்தது சுமார் 2200 வரி, பல இடங்களில் சிதைந்த பாடம். 1604-05இல் வந்தது சுமார் 3800 வரி. 1623இன் ஃபோலியோவில் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் தொகுப்பு நூல்) அதிலிருந்து ஏறக்குறைய 230 வரி கிடையாது, ஆனால் புதிதாக 70 வரி போல இருக்கிறது. நீங்கள் சொல்லும் தனிமொழி 1604 அச்சில் மட்டும்தான் உண்டு. உங்கள் நண்பனின் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு ஃபோலியோவைப் பின்பற்றுவது. பின்னிணைப்பைப் புரட்டச் சொல்லுங்கள், அங்கே இருக்கும். மாறாக, "டென்மார்க் ஒரு சிறை" என்று ஹாம்லெட் சொல்லும் பகுதி ஃபோலியோவில்தான் வருகிறது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்து ஒரே நாடகமாக அச்சிடுகின்றன. எது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஃபோல்ஜர் நூலகப் பதிப்பு வசதி: 1604க்கே உரியவை சதுர அடைப்புக்குள், ஃபோலியோவுக்கே உரியவை கூர் அடைப்புக்குள். அந்த நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர்டன் மூன்றாம் வரிசை (2006) அருமையான பதிப்பு, ஆனால் முதல் வாசிப்புக்கு வேண்டாம். அடிக்குறிப்பே பாதிப் பக்கத்தை விழுங்கிவிடும்.

படத்தில் "டு பி" தனிமொழி இடம் மாறியதற்குப் பழைய அச்சு எதுவும் பொறுப்பில்லை. மூன்றிலுமே அது ஒஃபீலியா சந்திப்புக்கு முன்தான் வருகிறது. 1603இல் இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒலிவியே செய்தது அவராகச் செய்த மாற்றம்.

இன்னொன்று. மேற்கோளுக்கு வரி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சி பெரும்பாலும் உரைநடை. பக்க அகலம் மாறினால் வரி எண்ணும் மாறிவிடும். அங்கம், காட்சி, பேசுபவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரைச்சீலை:
பதிப்பு விவகாரம் தெரிந்திருக்கட்டும். ஆனால் படிக்கும்போது நிஜமாகவே தவறிப்போவது பேசாமல் நிற்கிறவர்கள்தான். அச்சில் வசனம் உள்ளவர் மட்டும் கண்ணில் படுவார்.

முதல் அங்கம் இரண்டாம் காட்சியைப் பாருங்கள். அரசனான சித்தப்பா கிளாடியஸ் ஆரம்பித்து அறுபது வரிக்கு மேல் ஓடிய பிறகுதான் ஹாம்லெட் வாய் திறக்கிறான். படிக்கிறவர் அவனை மறந்தே போயிருப்பார். அரங்கில் அவன் கறுப்பு உடையில் அத்தனை நேரமும் நிற்கிறான், அரசன் சொல்லும் ஒவ்வொரு இனிப்புச் சொல்லும் அவன் முகத்தில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. "டு பி" தனிமொழியும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் கிளாடியஸும் ஒஃபீலியாவின் அப்பா பொலோனியஸும் ஒளிந்திருக்கிறார்கள். கையில் புத்தகத்தோடு ஒஃபீலியாவும் மேடையிலேயே இருக்கிறாள், அவள் வெளியேறியதாக எந்தக் குறிப்பும் இல்லை. தனிமொழி என்று பெயர், ஆனால் தனிமை இல்லை!

அதனால் ஒவ்வொரு காட்சி ஓரத்திலும் மேடையில் இருப்பவர்களின் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், வெளியேறியதும் அடியுங்கள். மொத்தமே 20 காட்சிகள்தான்.

பார்க்கும் வரிசை: ஓர் அங்கம் படித்ததும் கென்னத் பிரானாவின் 1996 படத்தில் அந்த அங்கத்தை மட்டும் பாருங்கள். இரண்டு அச்சும் கலந்த நாடகம் முழுவதையும் எடுத்தார், 242 நிமிடம். பழைய பிபிசி தயாரிப்பும் (1980, டெரெக் ஜாக்கோபி) இதற்கு உதவும். ஐந்து அங்கமும் முடிந்தபின் ஒலிவியேயை ஒரே மூச்சில் பாருங்கள். அப்போது வெட்டு ஒவ்வொன்றும் தெரியும்: நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் போனதால் அரசியலும் போய்விட்டது, குடும்பம் மட்டும் மிஞ்சியது. பேச்சுவேகம் மணிக்கு ஏறக்குறைய 1000 வரி என்று கொண்டால், வெட்டாமல் போட நாலு மணி நேரம் ஏன் ஆகிறது என்பது புரியும். வெட்டாத குழு அரிது.

கடைசிபெஞ்ச்:
நன்றி. ஹாம்லெட் தன் தாய் கெர்ட்ரூடைச் சந்திக்கும் காட்சியை "க்ளோசெட் சீன்" என்கிறார்களே, படத்தில் கட்டில் அல்லவா இருக்கிறது? தேர்வில் படக் காட்சிகளை எழுதலாமா?

பழுப்புப்பக்கம்:
'க்ளோசெட்' அன்று அலமாரி இல்லை, ஒருவரின் அந்தரங்க அறை. கட்டில் மூலத்தில் கிடையாது, இருபதாம் நூற்றாண்டு மேடையும் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டும் சேர்ந்து கொண்டுவந்து போட்டது. இப்படி ஏமாற்றும் சொற்கள் நிறைய: 'லெட்' என்றால் சில இடங்களில் தடு, 'ரைவல்' என்றால் கூட்டாளி, 'பிரசன்ட்லி' என்றால் உடனே. 'டவுட்' மட்டும் நமக்குச் சுலபம். கெர்ட்ரூட் "ஐ டவுட்" என்பது "இதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்" என்ற பொருளில், நம்மூர்ப் பேச்சில் வருகிற மாதிரியேதான்.

திரைச்சீலை:
தேர்வு பற்றி: படத்தைப் படம் என்று பெயர் சொல்லி எழுதினால் தவறில்லை. நாடகத்தில் நடந்ததாக எழுதினால்தான் மதிப்பெண் போகும். வழக்கமாக வழுக்கும் இடங்கள்: ஒஃபீலியா மூழ்குவது மேடையில் நடப்பதில்லை, நாலாம் அங்கக் கடைசியில் கெர்ட்ரூட் சொல்லித்தான் தெரியும். கடற்கொள்ளையர் சண்டையும் கடிதத்தில் மட்டுமே. பிரானா படத்தில் ஹாம்லெட்டும் ஒஃபீலியாவும் படுக்கையில் இருக்கும் நினைவுக்காட்சிகள் அவர் சேர்த்தவை. ஹாம்லெட்டைத் தழுவிய இந்திப் படம் 'ஹைதர்' (2014) பார்த்தவர்கள் முடிவையும் மாற்றி எழுதிவிடுவார்கள். அங்கே தாய் இறப்பது வேறு விதம், சித்தப்பாவை மகன் கொல்லாமல் போகிறான். நாடகத்தில் தாய் குடிப்பது நஞ்சு கலந்த மது. கிளாடியஸ் சாவதோ நஞ்சு தோய்ந்த வாளும் அதே கோப்பையும் சேர்ந்து.

தமிழில் ஒப்பிட வேண்டுமானால் பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' இதன் தழுவல்தான். பெயர்களை அவர் எப்படித் தமிழ்ப்படுத்தியிருக்கிறார் என்று பார்க்கவாவது எடுத்துப் புரட்டுங்கள்.