டோல்கேட் வரிசையில் மட்டும் சூடாகும் கார்

போன மே மாதம், கத்திரி வெயில் நேரம். குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினோம். பரனூர் டோல்கேட் வரிசையில் நின்ற ஐந்தாவது நிமிடம் ஏசியில் அனல் காற்று வர ஆரம்பித்தது. "ஜன்னலை இறக்குடா, மூச்சு முட்டுது" என்றார் அம்மா. டோல் தாண்டி எண்பதைத் தொட்டதும் ஏசி தானாகவே ஜில்லென்று ஆகிவிட்டது. விக்கிரவாண்டி டோலில் மறுபடியும் அதே கதை. உளுந்தூர்பேட்டை அருகே சாப்பிட ஓரங்கட்ட இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

என் காரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான். நடுவில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. யார் யோசித்த சிக்கனமோ!

திருச்சியில் ஏசிக்காரரிடம் காட்டினேன். "கேஸ் கம்மி சார்" என்று ஏற்றிவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார். ஜில்லென்றுதான் இருந்தது. 1,800 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வரும்போது நிலைமை முன்பைவிட மோசம். இருந்த கேஸே போதும் என்ற நிலையில் இன்னும் ஏற்றியதால் பிரஷர் எகிறி, கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் இன்னும் சீக்கிரமாக நின்றுவிட்டது என்பது பிற்பாடுதான் புரிந்தது.

அப்புறம் சென்னையில் வழக்கமான மெக்கானிக். சூடாகிறது என்றதும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றினார், கூடவே சூடு ஏறிய பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே அதிக நேரம் பிடித்ததால் 17 கொடுத்த மைலேஜ் 14-க்கு இறங்கியதுதான் மிச்சம். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் வேகமாகப் போகும்போதும் கொதித்திருக்க வேண்டுமே என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வழி காட்டியது நண்பன் கொடுத்த ப்ளூடூத் ஓபிடி கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிவிட்டு எஞ்சின் சூட்டை போனில் பார்க்கலாம். பைபாஸில் 84 டிகிரி. பெருங்களத்தூர் நெரிசலில் 91, 97, 103 என்று ஏறிக்கொண்டே போனது. வண்டி நகர்ந்தால் இறங்கியது. சரி, விஷயம் தண்ணீரிலும் இல்லை, கேஸிலும் இல்லை, காற்றில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டர் ஃபேன் சிவனே என்று நிற்கிறது!

ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் இருப்பது ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸர். என் வண்டியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. ஏசிக்காரர் ஏசியைப் பார்த்தார், மெக்கானிக் எஞ்சினைப் பார்த்தார், நடுவில் இருந்த ஃபேன் இருவர் கணக்கிலும் வரவில்லை.

தாம்பரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கரண்ட்டை இணைக்கும் சுவிட்சான ரிலே ஹார்னுக்கும் ஃபேனுக்கும் ஒரே மாதிரி என்பதால் மாற்றிப் போட்டுப் பார்த்தார், பலன் இல்லை. மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், அப்போதும் சுற்றவில்லை. ஸ்பேனர் பிடியால் மோட்டாரை லேசாக இரண்டு தட்டு தட்டியதும் விர்ரென்று சுற்றியது. "மோட்டாருக்குள்ள கரண்ட் கொடுக்குற கார்பன் தேஞ்சு போச்சு தம்பி, மோட்டார மாத்திடு." மோட்டார் 2,600, கூலி 400. தெர்மோஸ்டாட்டையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

மறுமொழி, பொள்ளாச்சியிலிருந்து:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன், ஏசி தானாக நின்றுவிட்டது. ஏசி ரிப்பேர் என்றே நினைத்து ஏறிக்கொண்டிருந்தேன். எஞ்சின் சூடு எல்லை மீறும்போது சுமையைக் குறைக்க வண்டியின் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரை நிறுத்திவிடும் என்று அன்றைக்குத் தெரியாது. முள் சிவப்பை நெருங்கியதைப் பார்த்த பிறகுதான் ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஜன்னல்களை இறக்கி, ஓரம் கட்டினேன். அந்த வெயிலில் ஹீட்டர் போட்டதற்கு வீட்டுக்காரம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒரு மணி நேரம் கழித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். (சூட்டில் திறந்து முகம் வெந்தவரைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.) பக்கத்து டப்பாவில் கூலன்ட் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரிலோ ஒன்றரை லிட்டர் குறைவு. மூடிதான் குற்றவாளி. சூட்டில் விரிந்து டப்பாவுக்குப் போகும் கூலன்ட், குளிரும்போது மூடியில் உள்ள சின்ன வால்வு வழியாகத் திரும்ப வேண்டும். வால்வு துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரொம்ப நாளாக போர் தண்ணீர் ஊற்றிய பாவம். டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு "அளவு சரியா இருக்கு" என்று நானே இரண்டு மாதம் திருப்திப்பட்டிருக்கிறேன்.

முதலில் எழுதியவர்:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று காலை, வண்டி ஆறியிருந்தபோது, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் வெடித்திருக்கிறது, வால்வைச் சுற்றி வெள்ளையாக உப்பு. மாலை புதுசு வாங்கப் போகிறேன்.